லாஸ்பேட்டைக்கு விமானம் ஏன் வருகிறது, ஏன் நின்றுபோகிறது?

கேள்வி இதுதான்: லாஸ்பேட்டையில் விமான நிலையம் வைத்திருக்கும் புதுச்சேரிக்கு 2013 முதல் விமானம் வருவதும் நிற்பதுமாக இருக்கிறது. ஸ்பைஸ்ஜெட் இரண்டு முறை வந்து போனது, ஏர் இந்தியாவின் துணை நிறுவனம் ஒரு முறை வந்து போனது, 2024 டிசம்பரில் இண்டிகோ வந்தது. மானியம் கொடுத்தும் சேவை ஏன் நிலைக்கவில்லை? நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டே போனால் நமக்குக் கட்டணம் ஏறுமா? கடலூரில் இருப்பவருக்கு இதில் என்ன லாபம்?

சுருக்கமாகச் சொன்னால், மானியம் வாங்கித் தருவது மூன்று வருட அவகாசம். அதற்குள் சென்னை மீனம்பாக்கத்துக்குக் கார் பிடித்துப் போகிறவர்களில் போதுமான பேர் லாஸ்பேட்டைக்கு மாறவில்லை என்றால் நான்காம் வருடம் விமானம் வேறு ஊருக்குப் போய்விடும். நிறுவன இணைப்பால் இந்த வழியில் டிக்கெட் விலை உடனே பெரிதாக மாறாது, ஏனென்றால் இங்கே பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு நிறுவனம்தான் ஓட்டியிருக்கிறது. மாறுவது அரசு பேரம் பேசும் பலம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓடுபாதையிலிருந்து தொடங்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டது. லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஏர்பஸ் 320, போயிங் 737 வகை ஜெட்கள் முழு லோடோடு ஏறி இறங்க 2,000 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே இங்கே வரக்கூடியது ஏடிஆர் 72 அல்லது கியூ400 போன்ற டர்போபிராப், அதாவது காற்றாடி வைத்த விமானம். ஏடிஆர் 72-600 முழு எடையில் கடல் மட்டத்தில் மேலேற ஏறக்குறைய 1,300 மீட்டர் போதும். அது மிதமான வெப்பநிலைக்கான கணக்கு. மே மாத மதிய வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும், எஞ்சினின் இழுக்கும் திறனும் குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். அப்போது எடையைக் குறைத்தாக வேண்டும்: சில இருக்கைகளைக் காலியாக விடலாம், அல்லது சரக்கை இறக்கிவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் பிரச்சினை தரையிறங்கும்போது வரும். ஈரமான ஓடுபாதையில் பிரேக் பிடிக்கக் கூடுதல் தூரம் வேண்டும், மேகமும் தாழ்ந்திருக்கும். ஓடுபாதையை நீட்டப் பல வருடங்களாகப் பேச்சு நடக்கிறது. அதற்கு வேண்டிய நிலத்தில் ஒரு பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பதால் கோப்பு இரண்டு தலைமைச் செயலகங்களுக்கு நடுவே நகர வேண்டியிருக்கிறது.

இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கை, ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400-இலும் பெரும்பாலும் 78. இது தற்செயல் கிடையாது. 80-க்குக் குறைவான இருக்கை கொண்ட உள்நாட்டு விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை. டர்போபிராப்புக்கு ஊற்றும் எரிபொருளை மத்திய விற்பனை வரிச் சட்டம் தனி வகையாக வைத்திருப்பதால் அதன் மீது மாநிலங்கள் போடும் வரிக்கும் உச்சவரம்பு உண்டு. தமிழ்நாட்டில் ஜெட் எரிபொருளுக்கு 29 சதவீதம் வரை வாட் (மதிப்புக் கூட்டு வரி) இருந்தது என்பதோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு புரியும். பட்ஜெட்டில் மானியம் என்ற பெயரில் வராவிட்டாலும் இதுவும் மானியம்தான்.

பெயரோடு வரும் மானியம் உடான், சிறு ஊர்களுக்கு விமானம் ஓட்ட மத்திய அரசு கொண்டுவந்த திட்டம். 2016 அக்டோபரில் அறிவித்தார்கள். முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது. புதுச்சேரி–ஹைதராபாத் வழியை ஸ்பைஸ்ஜெட் இந்தத் திட்டத்தில் 2017 ஆகஸ்டில் தொடங்கியது. நடைமுறை இப்படி: விமானத்தின் பாதி இருக்கைகள், அதிகபட்சம் 40, திட்ட இருக்கைகள். அவற்றுக்குத் தூரத்தைப் பொறுத்துக் கட்டண உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் சுமார் 500 கிலோமீட்டருக்கு, அதாவது ஒரு மணி நேரப் பயணத்துக்கு, 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். மீதி இருக்கைகளைச் சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாம். "இந்த வழியை ஓட்ட ஒரு திட்ட இருக்கைக்கு எனக்கு இவ்வளவு ரூபாய் வேண்டும்" என்று நிறுவனங்கள் ஏலத்தில் கேட்கும். யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு வழி கிடைக்கும். வரவுக்கும் செலவுக்கும் நடுவே விழும் பள்ளத்தை நிரப்பும் இந்தத் தொகைக்கு விஜிஎஃப் என்று பெயர். மூன்று வருடம் வரை கிடைக்கும், அந்த மூன்று வருடமும் அந்த வழியில் வேறு யாரும் ஓட்ட முடியாது. பணத்தின் பெரும்பகுதி, பெரிய நகரங்களுக்கிடையே பறக்கும் ஜெட்களின் ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் வசூலிக்கும் தீர்வையிலிருந்து வருகிறது. மாநிலங்கள் விஜிஎஃப்பில் 20 சதவீதம் போட வேண்டும், யூனியன் பிரதேசத்துக்கு 10 சதவீதம்தான். எரிபொருள் வாட்டை 1 சதவீதத்துக்குக் குறைப்பதும், காவல், தீயணைப்பு வசதியை இலவசமாகத் தருவதும் மாநிலத்தின் பொறுப்பு.

ஒரு நடைக்கான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, முறை உண்மை. ஹைதராபாத்துக்கு ஒரு நடை ஓட்ட எரிபொருள், விமான வாடகை, பைலட், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 3,20,000 ரூபாய் என்று வையுங்கள். 39 திட்ட இருக்கை 2,600 வீதம் விற்றால் 1,01,400. மீதி 39-இல் 30 இருக்கை 4,500 வீதம் போனால் 1,35,000. மொத்த வரவு 2,36,400. பள்ளம் 83,600. அதை 39-ஆல் வகுத்தால் இருக்கைக்கு ஏறத்தாழ 2,144 ரூபாய். இதுதான் ஏலத்தில் கேட்க வேண்டிய தொகை.

நான்காம் வருடம் விஜிஎஃப் நிற்கிறது. கட்டண உச்சவரம்பும் கூடவே போய்விடுவதால் நிறுவனம் விலையை ஏற்றலாம். ஆனால் பள்ளத்தை நிரப்ப, நேற்று வரை 2,600-க்குப் போன இருக்கை இனி 4,744-க்குப் போக வேண்டும், அதுவும் ஒரு ஆள்கூடக் குறையாமல். ஒரு நடைக்குப் பத்து பேர் விலகினால் அந்த வழியில் நஷ்டம் ஏறக்குறைய 47,000. நாளுக்கு இரண்டு நடை என்றால் மாதம் 28 லட்சத்துக்கு மேல்.

அந்தப் பத்து பேர் எங்கே போவார்கள்? இங்கே விமானத்துக்குப் போட்டி இன்னொரு விமானம் என்று நினைக்கக் கூடாது, போட்டி ஈசிஆரும் திண்டிவனம் சாலையும்தான். புதுச்சேரியிலிருந்து மூன்று மணி நேரத்தில் மீனம்பாக்கம் போய்விடலாம். அங்கே டெல்லிக்கும் மும்பைக்கும் நேர் ஜெட், நாளெல்லாம் பல நேரங்களில். வாடகைக் காருக்கு 4,000 ரூபாய் என்று வைத்தால் தனியாகப் போகிறவருக்கு அது பெரிய தொகை, லாஸ்பேட்டை டிக்கெட்டில் ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் அவர் பொறுத்துக்கொள்வார். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கோ ஆளுக்கு ஆயிரம்தான், அவர்கள் சென்னைக்கே போவார்கள். ஆக, இங்கே நம்பி ஓட்டக்கூடிய கூட்டம் தனியாகப் பயணிப்பவர்கள்: ஜிப்மருக்கு வருகிற போகிற மருத்துவர்கள், தொழிற்சாலை அதிகாரிகள், ஆசிரமத்துக்கும் ஆரோவில்லுக்கும் வருபவர்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். அதோடு வார இறுதிக் கூட்டம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளி மாலை பெங்களூரிலிருந்து நிரம்பி வரும் விமானம் திரும்பும்போது காலியாகப் போகும், ஞாயிறு மாலை அப்படியே தலைகீழ். "ஃபுல்லாத்தானே சார் வருது, அப்புறம் ஏன் நிறுத்தினான்?" என்று கேட்பவர்கள் ஒரு திசையை மட்டும் பார்த்தவர்கள்.

இது புதுச்சேரிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை உடான் மூன்றாம் சுற்று வரை கொடுத்த 774 வழிகளைப் பார்த்தது. 403 வழிகளில் விமானமே தொடங்கவில்லை. தொடங்கிய 371-இல் மூன்று வருடத்தை முழுதாக ஓட்டி முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. நூற்றுக்கு ஏழு. நம் பக்கத்திலேயே உதாரணம் நெய்வேலி. என்எல்சிக்குச் சொந்தமான ஓடுதளம், உடான் பட்டியலில் முதல் சுற்றிலிருந்தே பெயர் இருக்கிறது, ஓடுபாதைக்கும் கட்டடத்துக்கும் செலவும் செய்தாயிற்று, சென்னை விமானம் இதோ வருகிறது என்று கடலூர் மாவட்டத்துச் செய்திகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. முதல் சுற்றில் பல சிற்றூர் வழிகளை எடுத்தவை 20 இருக்கைக்கும் குறைவான விமானம் வைத்திருந்த சிறு நிறுவனங்கள். ஒரு விமானம் பழுதானால் மாற்று இல்லை, பைலட் பெரிய நிறுவனத்துக்குத் தாவினால் ஆள் இல்லை. ஏலத்தில் குறைவாகக் கேட்டவருக்கே வழி என்ற விதி, கணக்குத் தெரிந்தவரைவிடத் துணிச்சலானவரைத் தேர்ந்தெடுக்கிறது.

ஸ்பைஸ்ஜெட் விஷயத்தில் வழியின் கணக்கைவிட நிறுவனத்தின் கணக்குதான் முதலில் கெட்டது. கொரோனா, வாடகை பாக்கி, விமான உரிமையாளர்களின் வழக்குகள், தரையில் நின்ற விமானங்கள். பறக்கக்கூடிய விமானம் குறையும்போது நிறுவனம் எந்த வழியை முதலில் வெட்டும்? ஒரு நடைக்கு மிகக் குறைவாகச் சம்பாதிப்பதை. 2024 மார்ச்சோடு இங்கே சேவை நின்றது. 2022 அக்டோபரில் விமான நிறுவனங்களுக்கான அவசரக் கடன் உத்தரவாதத்தின் உச்சவரம்பை 400 கோடியிலிருந்து 1,500 கோடிக்கு மத்திய அரசு உயர்த்தியிருந்தது. நிறுவனத்தைக் காப்பாற்றக் கொடுக்கும் இந்த வகை உதவி ஒரு ஊரின் சேவையைக் காப்பாற்றாது. கடன் வாங்கியவர் அதை டெல்லி–மும்பையில் செலவழிப்பார்.

இனி இணைப்பு. 2007-இல் ஜெட் ஏர்வேஸ் ஏர் சகாராவை வாங்கியது, கிங்ஃபிஷர் ஏர் டெக்கானுக்குள் நுழைந்தது, அரசு ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கியது. மூன்றுமே நஷ்டத்தைக் கூட்டிக் கட்டிய மூட்டைகள். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஏர் இந்தியாவை டாடா 18,000 கோடிக்கு எடுத்தது: 15,300 கோடி கடனை ஏற்றுக்கொண்டது, 2,700 கோடி ரொக்கம். மீதியிருந்த 46,262 கோடிக் கடன் அரசின் தனி நிறுவனத்தின் தலைக்கு மாறியது. இந்தியாவில் விமானத் துறைக்காகப் பொதுப் பணத்தின் தலையில் விழுந்த மிகப் பெரிய தொகைகளில் இது ஒன்று, உடான் இதன் பக்கத்தில் வராது. பிறகு ஏஐஎக்ஸ் கனெக்ட் (பழைய ஏர் ஏஷியா இந்தியா) 2024 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள் போனது, விஸ்தாரா நவம்பரில் ஏர் இந்தியாவுக்குள். இப்போது பத்து பயணிகளில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில், கால்வாசிக்குச் சற்று மேல் ஏர் இந்தியா குழுமத்தில்.

சந்தை எவ்வளவு குவிந்திருக்கிறது என்று அளக்க ஒவ்வொருவரின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள். இண்டிகோவின் பங்கு 64 சதவீதம் என்று வைத்து 64-ஐ 64-ஆல் பெருக்கினால் 4,096. ஏர் இந்தியா குழுமத்தின் 27-ஐ 27-ஆல் பெருக்கினால் 729. மற்றவர்களைச் சேர்க்காமலே 4,800-ஐத் தாண்டுகிறது. 2,500-க்கு மேல் போனாலே மிக அதிகக் குவிப்பு என்பது அமெரிக்காவில் நெடுநாள் இருந்த அளவுகோல், அதையும் 2023-இல் 1,800-ஆகக் குறைத்துவிட்டார்கள். இந்தக் குவிப்பின் விலை என்ன என்பது 2025 டிசம்பர் முதல் வாரத்தில் தெரிந்தது. பைலட்களின் ஓய்வு நேர விதி கடுமையானதும் இண்டிகோவின் ஆள் கணக்கு தவறிப்போய் ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களில் டிக்கெட் விலை எகிற, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 என்று அரசு தற்காலிக உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. விதியைத் தளர்த்தியும் கொடுத்தது. ஒரே நிறுவனம் நின்றால் நாடே நிற்கும் என்ற நிலை வந்துவிட்டால் விதியை யார் யாருக்குச் சொல்வது?

லாஸ்பேட்டைக்கு முக்கியமான குவிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: ஏடிஆர் யாரிடம் இருக்கிறது என்பதில். நாட்டில் கணிசமான எண்ணிக்கையில் வைத்திருப்பது இண்டிகோ. அடுத்து, ஏர் இந்தியா விற்பனையில் சேராமல் அரசிடமே தங்கிவிட்ட அலையன்ஸ் ஏர், சுமார் 20 விமானம். ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400-களோ, 2021-இல் தயாரிப்பே நின்றுபோன ரகம். 2024-இல் தொடங்கிய ஃப்ளை91 சிறியது. டாடாவின் ஏர் இந்தியாவிடம் டர்போபிராப்பே கிடையாது. ஆக, 1,500 மீட்டர் ஓடுபாதை வைத்திருக்கும் ஒரு ஊர் டெண்டர் போட்டால் உண்மையில் கதவைத் தட்டக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேர். அதில் ஒருவர்தான் மாற்று விமானம் கைவசம் வைத்திருப்பவர். அவர் சொல்வதே விலை.

பேருந்தோடு ஒப்பிட்டால் மானியத்தின் வேறொரு வடிவம் தெரியும். தமிழ்நாட்டில் தலைவர்கள் பெயரில் இருந்த பல போக்குவரத்துக் கழகங்களை ஒரே பெயருக்குக் கொண்டுவந்து, பிறகு எண்ணிக்கையையும் குறைத்தார்கள். கடலூர் மண்டலம் விழுப்புரம் கோட்டத்துக்குள் இருக்கிறது. உதிரிபாகம் மொத்தமாக வாங்கலாம் என்ற லாபம் உண்டு, பணிமனைக்கு ஒரு முடிவு வர நாளாகும் என்ற நஷ்டமும் உண்டு. கட்டணம் 2018 ஜனவரிக்குப் பிறகு உயரவில்லை, டீசல் உயர்ந்தது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்கான ஈட்டுத் தொகையாக 2025–26 பட்ஜெட்டில் மட்டும் 3,600 கோடி ஒதுக்கினார்கள். இங்கே ஓட்டுவது அரசின் சொந்தக் கழகம். வண்டியைத் தூக்கிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகாது. அதனால் மானியம் போதாமல் போகும்போது அது வேறு விதமாக வெளிப்படும்: பழைய பஸ், ஓட்டை மேற்கூரை, ஓய்வு பெற்றவருக்குத் தாமதமாகும் பணப்பலன். விமானத்தில் போதாமை ஒரே நாளில் தெரியும், பஸ்ஸில் பத்து வருடம் எடுத்துத் தெரியும். எது மோசம் என்று கேட்டால் பஸ் என்றுதான் சொல்வேன், ஏறுகிறவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

புதுச்சேரி அரசு அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போது ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் தேடும் விஷயங்கள் இவை. மானியம் மூன்று வருடமும் ஒரே அளவில் இருக்கிறதா, படிப்படியாகக் குறைகிறதா? முதல் வருடம் முழுதும், இரண்டாம் வருடம் அறுபது சதவீதம், மூன்றாம் வருடம் முப்பது என்று வைத்தால் விலையும் மெல்ல ஏறும், நான்காம் வருடம் திடீர்ப் பள்ளம் இருக்காது. சேவையை நிறுத்த ஆறு மாத முன்னறிவிப்பும், இல்லாவிட்டால் வாங்கிய தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் நிபந்தனையும் உண்டா? மூன்று வருடத் தனியுரிமையைக் கொடுத்தே ஆக வேண்டுமா? புறப்படும் நேரம் என்ன? காலை ஏழு எட்டு மணிக்கு ஹைதராபாத் சேரும் விமானம் அங்கிருந்து டெல்லி, கொல்கத்தா ஜெட்களோடு பொருந்தும். நடுமதிய விமானம் பொருந்தாது, அதை ஓட்டுவது விமானத்துக்கு வேறு வேலை இல்லாத நேரம் என்பதால்தான். புதுச்சேரி பயணியில் பெரும்பாலானவருக்கு ஹைதராபாத் போக வேண்டிய இடமே இல்லை, மாறும் இடம். கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கிறதா, சென்னையிலிருந்து நேராகப் போகும் விலையைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் அந்த வழியின் ஆயுளைத் தீர்மானிக்கும். வரிக் குறைப்பு மாநிலத்துக்குக் கிட்டத்தட்டச் செலவே இல்லாத மானியம். விமானம் வராத ஊரில் அந்த வரி வசூலாவதே இல்லை.

கடலூர்க்காரருக்கு: திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி பேருந்து நிலையம் வரை பஸ்ஸுக்குக் குறைவில்லை, அங்கிருந்து லாஸ்பேட்டைக்கு ஆட்டோதான். சென்னை என்றால் திண்டிவனம் வழி பஸ் பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நிற்கும், அங்கிருந்து விமான நிலையத்துக்கு இன்னொரு வண்டி. ஒருவர் அல்லது இருவர் போவதென்றால் லாஸ்பேட்டையிலிருந்து ஒரே டிக்கெட்டில் கடைசி ஊர் வரையிலான விலையை முதலில் பாருங்கள், சென்னை விலையில் காரையும் சேர்த்துக் கூட்டி ஒப்பிடுங்கள். இரண்டு தனித் தனி டிக்கெட் வாங்கி ஹைதராபாத்தில் மாற வேண்டாம். ஏடிஆர் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான்.

நிதி நெருக்கடி என்று செய்தி வரும் நிறுவனத்தில் நான்கைந்து மாதம் முன்பே டிக்கெட் வாங்காதீர்கள். கோ ஃபர்ஸ்ட் திவாலுக்குப் போனபோது டிக்கெட் பணம் கட்டியவர்களும் கடன் கொடுத்தவர்களின் வரிசையில், அதுவும் கடைசியில், நிற்க வேண்டி வந்தது. கிரெடிட் கார்டில் கட்டினால் சேவை தராத காரணம் காட்டி வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சாதாரண ரத்து என்றால் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதி தெளிவு: மாற்று விமானம் அல்லது முழுப் பணம், கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 நாளுக்குள். புறப்பட 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது சொல்லி ரத்து செய்தால், பறக்கும் நேரம் ஒரு மணி வரையுள்ள விமானத்துக்கு 5,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது இழப்பீடு. ஒன்று முதல் இரண்டு மணி வரை என்றால் 7,500. புயல், மழை போன்ற காரணத்துக்கு இழப்பீடு கிடையாது, பணம் மட்டும் திரும்பும். ஆகவே கவுன்டரில் முதலில் கேட்க வேண்டியது ரத்துக்கான காரணத்தை, அதுவும் எழுத்தில் அல்லது குறுஞ்செய்தியில். "ஆபரேஷனல் ரீசன்" என்று வந்தால் வானிலை என்று அவர்கள் சொல்லவில்லை, அதை வைத்து அரசின் ஏர்சேவா செயலியில் புகார் போடலாம்.